ஐம்பத்தொன்பது வீட்டு அமாவாசை

மூன்று மாதமாக நான் லீவு எடுக்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்றில்லை. உடனே கொடுத்துவிடுவார்கள், அதுதான் பயம். நான் ஒரு நாள் வராவிட்டால் என் இடத்துக்கு வேறொருத்தி வருவாள். வந்தவள் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுத் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்தாலும் நான் தொலைந்தேன்.

அதனால் புரட்டாசியில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு அறுபது வீட்டுப் படியும் ஏறி இறங்கினேன். வந்தவாசியில் என் தங்கை காவ்யாவுக்கு வளைகாப்பு நடந்தபோது, காலையில் அளவெடுத்து முடித்துவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள். "நீ வந்து போடுவன்னு பாத்துகினே இருந்தேன்க்கா" என்று காவ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னத்தைச் சொல்வது? உன் அக்கா ஒரு பொய்க்குக் காவல் இருக்கிறாள், அவளால் நகர முடியாது என்றா?

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் சோதனை முறையாக எங்கள் தெருவை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில் எவ்வளவு குப்பை, எவ்வளவு தண்ணீர் என்று தினமும் கணக்கெடுக்கும் திட்டம். வீட்டுக்கு வீடு கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. அதை போனில் காட்டினால் வீடு திறக்கும். கதவு இல்லை, போனில் அந்த வீட்டின் பக்கம். மக்கும் குப்பை எத்தனை கிலோ, மக்காத குப்பை எத்தனை கிலோ என்று தொங்கு தராசில் பிடித்துப் பதிய வேண்டும். பிறகு தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து அடிக்க வேண்டும். மகளிர் குழு மூலம் இந்த வேலைக்கு என்னை எடுத்தார்கள். கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி, ஆளைப் பார்த்தால் கலெக்டர் தோற்றார். செய்வதெல்லாம் வாளிக்குள் மூக்கை விடுவது.

ஒரு தெருவின் குப்பையை நிறுத்துப் பார்த்தால் போதும், ஜாதகமே தேவையில்லை. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டு வாளியில் அல்வா காகிதம் கிடக்கும். சனிக்கிழமை விரதக்காரர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு ஒரு கிலோ தேறும். நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. என் வீட்டு வாளியை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலையில் மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்கு எங்கே நேரம்?

என் வீடு பதினேழாம் எண். என் கணவர் சந்திரமோகன் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே மூன்று அண்டா. சாயம் ஏறாத கோராப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் அவித்துப் பசை எடுத்து, சாயத்தில் முக்கி, மறுபடி மறுபடி அலச வேண்டும். அலசுவதுதான் தண்ணீரைக் குடிக்கும். குடியிருக்கும் தெருவில் சாயம் போடக் கூடாது, போட்டால் சீல் வைத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் பதினோரு வருடமாகப் போடுகிறோம்.

மீட்டர் வைக்க வந்தபோது அவர் கவலைப்பட்டார். மீட்டரில் ஓடினால் ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்வோம். அதனால் தெருக் குழாயிலிருந்து, படிக்கல்லுக்கு அடியில், மீட்டருக்கு முன்னாலேயே ஒரு கிளைக் குழாய் பிரித்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். அதில் மோட்டாரும் மாட்டினார். மீட்டர் பாட்டுக்கு எங்கள் குளியலையும் சமையலையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. அதே வாரம் எனக்கு இந்த வேலை வந்ததும் அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்று கூட அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நீ அளக்குற வரைக்கும் நமக்குப் பயமே இல்ல லாவண்யா" என்றார்.

முதல் சிக்கல் சாய டப்பாக்கள். எங்கள் வீட்டு மக்காத குப்பையில் தினமும் மூன்று சாய டப்பாவும் சோடா உப்புப் பையும் விழுந்தால் மேலே இருப்பவர்கள் கேட்பார்களே. ஒன்றொன்றாக மற்ற வீட்டு வாளிகளில் போட்டேன். ஆளுக்கொன்று என்றால் யார் கண்ணுக்கும் படாது. அந்தப் புத்தி அன்றைக்கே என்னிடம் வந்துவிட்டது.

இரண்டாவது சிக்கல் பெரியது. தெரு முனையில் ஒரு பெரிய மீட்டர் இருக்கிறது. தெருவுக்குள் மொத்தம் எவ்வளவு தண்ணீர் நுழைகிறது என்பதை அதுவே நகராட்சிக்கு அனுப்பிவிடும். நுழைந்த தண்ணீரிலிருந்து அறுபது வீட்டுத் தண்ணீரைக் கழித்தால் மிச்சம் வரக் கூடாது. வந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று பொருள். முதல் நாளே போனில் சிவப்பாக ஓர் எண் வந்தது. இரண்டாயிரத்து முன்னூற்று அறுபது லிட்டர். நான்கு நாளில் குறையாவிட்டால் தெருவைத் தோண்டிப் பார்ப்போம் என்று செய்தியும் வந்தது. தோண்டினால் வேறென்ன கிடைக்கும்? எங்கள் படிக்கல்தான்.

அன்று மதியம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டை விட்டால் ஐம்பத்தொன்பது வீடு. வீட்டுக்கு நாற்பது லிட்டர் கூடப் போட்டால் சரியாக வருகிறது. நாற்பது லிட்டர் என்ன, இரண்டு வாளித் தண்ணீர். யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். டப்பாவைப் பங்கு போட்ட கை தண்ணீரையும் பங்கு போட்டது. மறுநாள் சிவப்பு எண் போய்விட்டது. எனக்குப் பாராட்டுச் செய்தி வந்தது.

மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் பொருள் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. இன்று நாற்பது கூட்டினால் நாளைக்கு இன்றைய நாற்பதோடு இன்னொரு நாற்பது கூட்ட வேண்டும். குறைத்து அடித்தால் போன் வாங்காது, 'முந்தைய அளவை விடக் குறைவு' என்று கத்தும். ஒரு மாதத்தில் என் போனில் இருக்கும் எண்ணுக்கும் வீட்டு மீட்டரில் இருக்கும் எண்ணுக்கும் ஆயிரம் லிட்டருக்கு மேல் வித்தியாசம். தினமும் அது வளர்ந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. வேலையை விட்டு நிற்கவும் முடியாது, அடுத்து வருகிறவள் முதல் நாளே கண்டுபிடிப்பாள்.

கணவரிடம் சொன்னேன். "அண்டாவ எங்கியாவது ஊருக்கு வெளிய மாத்திக்கலாங்க. எனக்கு பேஜாரா இருக்கு."

"தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல இருக்கு, இப்பப் போயி அண்டாவத் தூக்கச் சொல்ற. பொங்கல் வரைக்கும் ஓட்டு" என்றார். அவருக்கு அண்டா மட்டும்தான் கொதித்தது.

மாதத்தில் ஒரே ஒரு நாள் எனக்கு மூச்சு விட முடியும். அமாவாசை. ஆரணியில் அன்றைக்குத் தறி ஓடாது, தறிக்குப் பாவு நூல் நீட்ட மாட்டார்கள், சாயக்காரர் அண்டாவைத் தொட மாட்டார். இவரும் மோட்டார் போடாமல் தலை முழுகிவிட்டு வெள்ளை வேட்டியில் படுத்திருப்பார். அன்று பங்கு போட ஒன்றும் இல்லை. ஐம்பத்தொன்பது வீட்டுக்கும் புதிதாக எதையும் சேர்க்காமல், அன்று ஓடியதை மட்டும் உள்ளபடி பதிவேன். ஒரு நாளாவது உண்மையைச் சொல்கிறோம் என்று மனசு லேசாக இருக்கும். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மூன்று அமாவாசை அப்படிப் போயிற்று.

ஐப்பசி பிறந்ததும் ஒரு புது உத்தரவு வந்தது. மூன்று மாதக் கணக்கை வைத்து, ஆளுக்கு எழுபது லிட்டருக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்குக் குழாயில் வட்டு போடப் போகிறார்களாம். வட்டு போட்டால் குழாயின் வாய் சுருங்கி நூல் மாதிரித்தான் தண்ணீர் வரும். எங்கள் தெருப் பட்டியலில் ஒரே ஒரு பெயர். முனியம்மாள், இருபத்தெட்டாம் எண்.

நாலு பேர், ஆறு பேர் இருக்கும் வீட்டில் நாற்பது லிட்டர் கரைந்துபோகும். முனியம்மாள் ஒண்டிக்கட்டை. சந்தவாசல் பக்கத்துக்காரர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். நாள் முழுக்க அடுத்தவர் பாத்திரத்துக்கு அண்டா அண்டாவாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, தன் வீட்டில் ஐம்பது லிட்டருக்குள் குடித்தனத்தை முடிக்கிறவர். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் அலசி, அதைச் செடிக்கு ஊற்றும் பெண்பிள்ளை. என் போனில் அவருக்குத் தொண்ணூறு. தெருவிலேயே சிக்கனமானவரைத் தெருவிலேயே ஊதாரியாக ஆக்கியிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் மேடம் பிளம்பரோடு வருவார், மீட்டரைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்த பிறகு வட்டு போடுவார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மீட்டரைப் பார்த்தால்? போனில் இருப்பதற்கு மூவாயிரத்து ஐந்நூற்று அறுபது லிட்டர் குறைவாக இருக்கும்.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் சொல்கிறேன். மறுநாள் காலை தண்ணீர் வந்ததும் முனியம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"முனியம்மாக்கா, உங்க மீட்டர டெஸ்ட் பண்ணணும். ஒரு வாரத்துக்குத் தண்ணி வர ஒரு மணி நேரமும் குழாயத் தொறந்தே வைங்க."

"தொறந்து வுட்டா பில்லு வராதா?"

"டெஸ்ட்டுக்கு வராதுக்கா."

முதல் நாள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. குடம், தவலை, குண்டான், பேரன் வந்தால் தருவதற்கென்று வைத்திருந்த புது பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பினார். பரணிலிருந்த போர்வைகளை இறக்கித் துவைத்தார். "இந்த வூட்டுக்கு வந்து இருவது வருசத்துல இப்படித் தண்ணியப் பாத்ததில்ல. நல்லா இருப்பமா நீ" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நான் அடுத்த வீட்டு வாளியை நிறுக்கப் போய்விட்டேன். அவர் பேரில் பதிந்தால் போன் எண்ணும் கூடவே ஏறிவிடும் என்று, அவர் குழாயில் ஓடிய அந்த அறுநூறு லிட்டரையும் வீட்டுக்குப் பத்து லிட்டர் என்று மற்றவர்கள் தலையில் கட்டினேன்.

இரண்டாம் நாள் ஊற்றப் பாத்திரம் இல்லை. தண்ணீர் முற்றத்தில் விழுந்து நேராகச் சாக்கடைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் போனபோது அவர் குழாய்க்குக் கீழே ஒரு சொம்பை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். சொம்பு நிரம்பி வழிய வழிய அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பார்க்கவே வயிறு எரியுது. மூடிடட்டுமா?"

"இன்னும் மூணு நாள்தான்க்கா."

"இத்தன தண்ணிய வீணாக்கி இன்னா டெஸ்ட்டு இது? குப்பையப் பிரி, தண்ணிய மிச்சம் பண்ணுன்னு நீதானே வூடு வூடா சொல்லிகினு போற?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அவர் மேல் காட்டினேன். "சொன்னதச் செய்ங்கக்கா, கேள்வி கேட்டுகினு" என்று கத்திவிட்டு வந்தேன். தெருத் திரும்பியதும் அழுகை வந்தது. பொய்யாக அவர் பேரில் எழுதியதை நிஜமாகவே அவர் மீட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருத்தி மேல் திருட்டுப் பழி போட்டுவிட்டு, அவள் வீட்டுக்குள் போய்ப் பொருளையும் நானே வைத்த மாதிரி. ஆறாம் நாள் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

ஏழாம் நாள் காலை இன்ஜினியர் மணிமேகலை மேடம் வந்தார். தேசூர்க்காரர், முப்பது வயதுகூட இருக்காது. யாரையும் அதட்டாதவர், என்னை லாவண்யாக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் ஸ்பானரும் பையுமாக பிளம்பர். மேடம் குனிந்து மீட்டரைப் படித்தார், போனைப் பார்த்தார். "கரெக்டா இருக்கு" என்றார்.

முனியம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தை மேடம்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒரு ஆளுக்குத் தொண்ணூறு லிட்டர் அதிகம், அதனால் வட்டு போடுகிறோம், ஆறு மாதம் கழித்துக் குறைந்திருந்தால் எடுத்துவிடுவோம் என்று.

முனியம்மாள் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா? உண்மையா எவ்ளோ தண்ணி செலவு பண்றீங்க?" என்று மேடம் கேட்டார்.

"நான் ரெண்டரைக் கொடம்னு சொன்னா நம்பப் போறீங்களா? போன்ல தொண்ணூறுன்னா தொண்ணூறுதான். போட்டுட்டுப் போங்க" என்றார் முனியம்மாள்.

பிளம்பர் உட்கார்ந்து குழாயைக் கழற்ற ஆரம்பித்தார். மேடம் என் பக்கம் போனை நீட்டினார். திரையில் கையெழுத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டம். விரலைக் கொண்டுபோனேன்.

"இருங்கக்கா, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்று போனைத் திரும்ப வாங்கினார். "இந்தத் தெருக் கணக்க நேத்து கோடு போட்டுப் பாத்தேன். மாசத்துல ஒரு நாள் எல்லா வீட்லயும் தண்ணி கொறையுது. மூணு மாசமும். தேதிய காலண்டர்ல பாத்தா அமாவாசை."

"இங்க அமாவாசைன்னா லீவு மேடம். தறி ஓட்ட மாட்டாங்க" என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

"அதான் ஆபீஸ்லயும் சொன்னாங்க. ஆனா தறி தண்ணி குடிக்குமா? எங்க ஊர்ல அமாவாசைன்னா வீடு கழுவுவாங்க, எல்லாரும் தலைக்குக் குளிப்பாங்க, கூடத்தான் ஆகும். இங்க ரிட்டயர்டு வாத்தியார் ஜெயவேல் வீட்லயும் நாப்பது லிட்டர் கொறையுது. மூலையில இருக்கற பாய் வீட்லயும் நாப்பது. இந்தம்மா வீட்லயும் நாப்பது. அவங்களுக்கெல்லாம் அமாவாசைக்கும் தண்ணிக்கும் இன்னா சம்பந்தம்?"

பாய் வீட்டுக்கு அமாவாசை லீவு விட்ட ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். சாயக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, அமாவாசை என்றால் ஊரே அண்டாவை மூடிவிடுகிறது என்ற நினைப்பிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். நான் உண்மையைப் பதிந்த மூன்று நாட்கள்தான் என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

மேடம் விரலால் திரையைத் தள்ளினார். "ஐம்பத்தொம்போது வீட்டுக்கு அமாவாசை இருக்கு. ஒரு வீட்டுக்கு மட்டும் இல்ல. பதினேழு. எந்த நாளும் ஒரே மாதிரி. அது உங்க வீடுதானேக்கா?"

அவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. என்ன பதில் சொன்னாலும் கேட்டுக்கொண்டு போய்விடுவார் என்றுதான் தோன்றியது. போன் தகராறு, நெட்வொர்க் தகராறு என்று ஏதாவது சொல்லலாம். இன்னொரு பொய், அதற்கு இன்னும் மூன்று மாதக் காவல்.

முனியம்மாள் வாசல் சாக்கடையைப் பார்த்தபடி நின்றார். எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் எல்லா வீட்டு முன்னாலும் ஓடும் சாக்கடை அது. இன்றைக்கு அரக்கு நிறத்தில் ஓடியது. நேற்று ராமர் பச்சை. அமாவாசையில் மட்டும் வெறும் அழுக்குத் தண்ணீராகப் போகும். இதெல்லாம் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். முனியம்மாளுக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவரை நினைக்க வைத்தது என் விரல்தான்.

பிளம்பர் வட்டை எடுத்து வாயால் ஊதித் துடைத்தார். காலணா அளவு இரும்பு வட்டு, நடுவில் ஊசி நுழையும் துளை.

"அண்ணா, அதப் போடாதீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக்கா செலவு பண்றது ஐம்பது லிட்டர் கூட இல்ல மேடம். மீதி நான் எழுதினது. எல்லா வீட்லயும் நாப்பது நாப்பது நான்தான் எழுதினேன். அது எங்க வீட்டுத் தண்ணி." பிளம்பரிடம் திரும்பினேன். "ஸ்பானரயும் கடப்பாரையும் எடுத்துகினு வாங்கண்ணா. பதினேழாம் நம்பர். படிக்கல்லுக்கு அடியில தோண்டணும்."

மேடம் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். முனியம்மாள்தான், "குழாய மாட்டிட்டுப் போப்பா, தண்ணி ஒழுகுது பாரு" என்று பிளம்பரை அதட்டினார்.

இருபத்தெட்டிலிருந்து பதினேழுக்குப் பத்துப் பதினைந்து வீட்டு நடை. இந்த மூன்று மாதத்தில் அத்தனை வீட்டு வாசலிலும் நான் பொய் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் யாராவது நின்று, இன்னா லாவண்யா, இன்னா விஷயம் என்று கேட்டார்கள். பதினோரு வருடச் சோற்றை நானே போய் மூடப் போகிறேன் என்ற பயம் ஒரு பக்கம். நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தே வந்தன.

கடப்பாரையைப் படியில் சாய்த்து வைத்த சத்தம் கேட்டு என் கணவர் பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கையும் முழங்கை வரை அரக்குச் சாயம் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு இவங்க? யாரு இட்டாந்தது?"

"நான்தாங்க கூட்டினு வந்தேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். படிக்கல்லின் மேல் ஏற்கெனவே நாலைந்து அரக்குச் சொட்டு விழுந்திருந்தது.